சுருதி மாறினாலும் கிளி அதே கிளிதான்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா' பாட்டின் பழைய சினிமாப் பதிவையும், பள்ளியில் படிக்கும் தன் மகள் தம்புரா செயலியை ஓடவிட்டுப் பாடிய கவரையும் அடுத்தடுத்துக் கேட்டாராம். இரண்டும் ஒரே மெட்டு என்று வீட்டில் எல்லாருக்கும் முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. பாட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் கைப்பேசிச் செயலியோ சினிமாப் பதிவைச் சட்டென்று சொல்லிவிட்டு, மகள் பாடியதற்குக் கையை விரித்துவிட்டது. காதுக்குப் புரிவது கருவிக்கு ஏன் புரியவில்லை?

கவர் பாடல்களை ஒப்பிட இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது. பாரதியாரின் 'கண்ணன் பாட்டு' 1917-ல் அவருடைய நண்பர் பரலி சு. நெல்லையப்பரின் முயற்சியில் அச்சானது. அதில் இந்தப் பாட்டுக்கு பைரவி ராகம், ரூபக தாளம் என்று குறிப்பு உண்டு. கூடவே 'ஸஸஸ ஸாஸா பபப' என்று தொடங்கும் ஸ்வர வரிசையையும் கொடுத்து, இதை மாதிரியாக வைத்துக்கொண்டு மனோபாவப்படி மாற்றிப் பாடச் சொல்லியிருக்கிறார். கவர் பாடுவதற்குக் கவிஞரே கொடுத்த அனுமதி அது. ஆனால் இன்று நம் காதில் ஒலிப்பது பைரவி இல்லை. 1951-ல் வந்த 'மணமகள்' படத்துக்கு சி.ஆர். சுப்பராமன் போட்ட ராகமாலிகை, காபியில் தொடங்குவது. எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். அந்த மெட்டு கச்சேரிகளின் கடைசிப் பகுதிக்குள் புகுந்து, இன்றைக்கும் துக்கடாவாகப் பாடப்படுகிறது. 1987-ல் 'நீதிக்குத் தண்டனை' படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் ஜேசுதாசும் ஸ்வர்ணலதாவும் பாடினார்கள். ஸ்வர்ணலதாவுக்கு அது முதல் சினிமாப் பாட்டு.

சரி, கேள்விக்கு வருவோம். ஒலி என்பது காற்றின் அதிர்வு, ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்பதே அதிர்வெண் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். பாடகர் தன் ஸ-வை எந்த உயரத்தில் வைக்கிறார் என்பதை ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சொல்வது வழக்கம். ஆண் பாடகர் ஒருவர் ஒரு கட்டை சுருதியில் பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஸ சுமார் 131 ஹெர்ட்ஸ். பெண் பாடகர் ஐந்து கட்டையில் பாடினால் அவருடைய ஸ 196 ஹெர்ட்ஸ். பாரதியார் கொடுத்த வரிசையையே இருவரும் மத்திய ஸ்தாயியில் பாடட்டும். ஸ-விலிருந்து ப-வுக்குத் தாவும்போது அவர் 131-லிருந்து 196-க்குப் போகிறார். இவர் 196-லிருந்து 294-க்குப் போகிறார். வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால் 65, 98 என்று வேறுவேறாக வரும். வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் ஒன்றரை. பாட்டு முழுக்க இப்படித்தான். எந்த ஸ்வரத்தை எடுத்தாலும் அதிர்வெண் வேறு, ஆனால் ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள விகிதம் ஒன்றே. புள்ளிகளை நெருக்கி வைத்தாலும் தள்ளி வைத்தாலும் கோலம் அதே கோலமாக வருவது மாதிரி, மெட்டு விகிதத்தில் இருக்கிறது. தனித்தனி ஒலிகளில் இல்லை.

இந்தக் கணக்கில் என்னை மயக்குவது அந்த 196 ஹெர்ட்ஸ்தான். ஆண் பாடகருக்கு அது ப. பெண் பாடகருக்கு அதுவே ஸ. காற்றில் வருவது அதே அதிர்வெண்தான். ஒன்று வழியில் நிற்கும் பஞ்சமமாகவும் மற்றொன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்த ஷட்ஜமாகவும் நமக்குக் கேட்கிறது. இந்த வேறுபாடு பாடகரின் தொண்டையில் இல்லை, காற்றில் இல்லை. பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் தம்புராவை வைத்துக் கேட்பவரின் மூளை உண்டாக்கிக்கொள்வது அது. தம்புராவை நிறுத்திவிட்டு அந்த ஒரே ஒலியை மட்டும் தனியாக ஒலிக்கவிட்டால், அது ஸ-வா ப-வா என்று எவ்வளவு பெரிய வித்வானாலும் சொல்ல முடியாது. கேள்விக்கே அங்கே அர்த்தமில்லை.

காதின் அமைப்பும் இதற்கு ஒத்துழைக்கிறது. உட்செவியில் நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சவ்வு ஓடுகிறது. நுழைவாயில் பக்கம் அது குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும்; உயர்ந்த ஒலிகள் அங்கே அதை அதிர வைக்கும். உள்ளே போகப் போக அகன்று தளரும்; தாழ்ந்த ஒலிகளுக்கு அந்த இடம். இதைக் கண்டுபிடித்ததற்காக கியார்க் வான் பெக்கசிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு ஸ்தாயி மேலே போனால், அதாவது அதிர்வெண் இரு மடங்கானால், சவ்வில் நகரும் தூரம் ஏறக்குறைய ஒரே அளவுதான். மிகத் தாழ்ந்த ஒலிகளில் இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். மற்றபடி, பெருக்கலைக் காது தூரமாக மாற்றிவிடுகிறது. பாட்டு முழுவதையும் ஒன்றரை மடங்கு உயர்த்தினால், சவ்வில் எழும் வடிவம் கிட்டத்தட்ட அப்படியே பக்கவாட்டில் நகரும். அப்புறம், "நகர்ந்தாலும் இது அதேதான்" என்று தீர்ப்புச் சொல்வது மூளையின் வேலை.

எல்லா உயிர்களும் அந்தத் தீர்ப்பைச் சொல்வதில்லை. ஸ்டார்லிங் என்று ஒரு பறவை, நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது, பாடுவதிலும் குரல் காட்டுவதிலும் கெட்டி. ஏறுவரிசை ஸ்வரங்களையும் இறங்குவரிசை ஸ்வரங்களையும் பிரித்தறிய அதற்குப் பழக்கினார்கள். கற்றுக்கொண்டது. அதே வரிசைகளைப் பழக்கமில்லாத வேறு சுருதிக்கு மாற்றியதும் தடுமாறியது. அதற்கு அவை புதிய ஒலிகள். மனிதக் குழந்தையோ ஆறு மாதத்திலேயே இதைச் செய்துவிடுகிறது. ஒரு வாரம் கேட்டுப் பழகிய மெட்டை வேறு சுருதியில் போட்டாலும் பழகிய மெட்டாகவே எடுத்துக்கொள்வதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். பேச்சு வருவதற்கு முன்பே சுருதி மாற்றம் புரிகிறது.

இப்போது செயலி. பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலிகளில் ஒன்றான ஷாஸாம் பயன்படுத்தும் முறையை அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஏவரி வாங் 2003-ல் ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். பாட்டின் ஒலிப்படத்தில் எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் தூக்கலாக இருக்கிறது என்று உச்சிப் புள்ளிகளை மட்டும் குறித்துக்கொள்வது, இரண்டிரண்டு புள்ளிகளைச் சேர்த்து 'இந்த அதிர்வெண், அந்த அதிர்வெண், நடுவில் இத்தனை நேரம்' என்று ஒரு முத்திரை செய்வது, அதைச் சேமிப்பில் தேடுவது. டீக்கடை இரைச்சலிலும் இது வேலை செய்யும். ஆனால் அது தேடுவது குறிப்பிட்ட அந்த ஒரு பதிவை. சுருதி அரைக் கட்டை நகர்ந்தாலோ, காலப்பிரமாணம் மாறினாலோ, எல்லா முத்திரைகளும் மாறிவிடும். ஸ்டார்லிங் தடுமாறிய அதே இடம்தான். அதே பாடகரே அதே பாட்டை மறுநாள் கச்சேரியில் பாடினாலும் இந்த முறைக்கு அது வேறு.

கவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேறு வழி தேவை. முதலில் ஸ்தாயியை மறந்துவிட வேண்டும். மேல் ஸ, கீழ் ஸ எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கூட்டினால், அரைஸ்வரத்துக்கு ஒன்றாக, ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு பெட்டிகள் போதும். ஒவ்வொரு கணமும் எந்தெந்தப் பெட்டியில் எவ்வளவு ஒலி என்று எழுதிக்கொண்டே போகலாம். இதற்கு குரோமா என்று பெயர். பாட்டு ஒரு கட்டையிலிருந்து ஐந்து கட்டைக்கு ஏறினால், நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகளையும் சேர்த்துப் பெட்டிகளில் உள்ளவை எல்லாம் ஏழு இடம் சுற்றி நகரும், அவ்வளவுதான். ஆகவே ஒரு பதிவை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைப் பன்னிரண்டு விதமாகச் சுற்றிப் பார்த்தால், ஏதாவது ஒன்றில் இரண்டும் பொருந்தும். இவ்வளவு எளிய ஒரு சுற்றல், சுருதி என்ற பெரிய சிக்கலை ஒரே அடியில் தீர்த்துவிடுகிறது!

மிச்சமிருப்பது காலம். ஒருவர் 'செல்வக் களஞ்சியமே' என்பதைச் சவுக்கமாக, மெதுவாக இழுப்பார், இன்னொருவர் சங்கதி சங்கதியாகப் போடுவார், மூன்றாமவர் ஒரு சரணத்தையே விட்டுவிடுவார். மரபணு வரிசைகளை ஒப்பிடும் உயிரியலாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. இரண்டு டி.என்.ஏ. வரிசைகளில் சில எழுத்துகள் விட்டுப்போயிருக்கும், சில கூடுதலாக நுழைந்திருக்கும், ஆனாலும் உறவைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்காக ஸ்மித், வாட்டர்மேன் என்ற இருவர் 1981-ல் கொடுத்த வழிமுறையின் சாயலை ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா ஆராய்ச்சியாளர்கள் 2008-ல் பாட்டுகளுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பாட்டை மேலிருந்து கீழாகவும் மற்றதை இடமிருந்து வலமாகவும் கட்டங்களாக்கி, பொருந்தும் கட்டத்துக்கு மதிப்பெண், தாண்டிப் போனால் கழிவு என்று கணக்கிட்டு, அதிக மதிப்பெண் சேரும் பாதையைத் தேடுவார்கள். நீளமான நல்ல பாதை கிடைத்தால் இரண்டும் உறவு. இழுத்துப் பாடினால் பாதை வளையும், சரணத்தை விட்டால் தாண்டும், ஆனால் தொலைந்துபோகாது.

கர்நாடக இசைக்கு வரும்போது பன்னிரண்டு பெட்டிகள் போதவில்லை. காபியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது. மத்திமத்தைத் தொட்டுத் தொட்டு அசையும். பெட்டிக் கணக்கில் பார்த்தால் கருவி அங்கே பாதி மத்திமம் என்று எழுதிவிடும். கேட்கும் நமக்கு அது முழுக்க முழுக்க காந்தாரம். அதனால் இங்கே குரலின் போக்கையே ஒரு தொடர்கோடாக எடுத்து, ஒரு ஸ்தாயியை 1200 சென்டாகப் பிரித்து, பாடகரின் ஆதார ஷட்ஜத்தைப் பூஜ்யமாக வைத்து அளக்கிறார்கள். ஷட்ஜத்தைத் தானாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் அதற்கென்றே தனி ஆராய்ச்சி நடந்தது. தம்புராவின் ஒலி அதற்குக் கைகொடுத்தது.

அந்த ஆராய்ச்சியில் பெரும் பங்கு, பார்சிலோனாவில் சேவியர் செர்ரா தலைமையில் 2011-ல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தைச் சேர்ந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் அதில் பங்கெடுத்தது, அருமையான வேலை செய்தது. பணம் கொடுத்தது ஐரோப்பிய ஆராய்ச்சிக் கழகம். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நம் காபியையும் பைரவியையும் அளக்க நம் அரசும் நம் பல்கலைக்கழகங்களும் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இயற்பியலும் கணினியும் படித்து சங்கீதமும் தெரிந்த பிள்ளைகள் சென்னையிலும் தஞ்சாவூரிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். நல்ல பதிவுகளைத் திரட்டி, யார் பாடியது, எந்த சுருதி, எந்த ராகம் என்று குறித்து எல்லாருக்கும் திறந்து வைக்க, ஒரு பெரிய ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி பாடல்களின் உரிமையை வாங்கியதால்தான் அவை எல்லாருக்குமான சொத்தாயின. அப்படிப்பட்ட பெரிய மனது பதிவுகளுக்கும் வேண்டும்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாட்டை 440 ஹெர்ட்ஸ் அளவுக்குப் பதிலாக 432 ஹெர்ட்ஸ் அளவில் சுருதி சேர்த்துக் கேட்டால் நோய் தீரும், அது பிரபஞ்சத்தின் அதிர்வு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நோய் தீரும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடையாது. 440 என்பது, மேற்கத்திய இசையின் 'ஏ' என்ற ஸ்வரத்துக்கு 1939-ல் லண்டனில் கூடிய மாநாட்டில் வாத்தியக்காரர்களின் வசதிக்காக ஒப்புக்கொண்ட அளவு. 432-க்கும் அதற்கும் உள்ள தூரம் சுமார் 32 சென்ட். ஒரு கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் நடுவே 700 சென்ட். நம் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் தொண்டைக்கு ஏற்ற சுருதியை வைத்துத்தான் பாடி வந்திருக்கிறார்கள். உடல்நலமில்லாதவர்கள் இதை நம்பி மருந்தை விட்டுவிடக் கூடாது.

கவர் பாட்டைக் கேட்டதும் "என்ன இருந்தாலும் ஒரிஜினல் மாதிரி வராது" என்று சொல்கிறோமே, அதற்கும் ஒரு காரணம் உண்டு. விகிதத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மூளை எறிந்துவிடுவதில்லை. 1994-ல் உளவியலாளர் டேனியல் லெவிட்டின், மாணவர்களைத் தங்களுக்குப் பிடித்த பாப் பாடல்களை நினைவிலிருந்து பாடச் சொன்னார். சுமார் 40 சதவீதம் பேர் ஒரு முறையாவது பதிவில் உள்ள அதே சுருதியைத் தொட்டார்கள். வேகமும் பெரும்பாலும் பதிவோடு ஒத்துப்போனது. முதலில் கேட்ட பதிவின் உயரம், வேகம், நாதம் எல்லாம் மங்கலாக உள்ளே இருக்கின்றன. புது கவர் அதிலிருந்து விலகும்போது உறுத்துகிறது. நாலைந்து முறை கேட்ட பிறகு அந்த உறுத்தல் குறைவதைக் கவனித்திருப்பீர்கள்.

பாரதியாரின் பைரவியையும் சுப்பராமனின் காபியையும் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? விகிதங்களே வேறு. குரோமா முறை இரண்டையும் வெவ்வேறு பாட்டு என்றே சொல்லும். நாமோ வரிகளைக் கேட்டு, சந்தத்தைக் கேட்டு, ஒரே பாட்டு என்கிறோம். பேச்சை எழுத்தாக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டால் கருவியும் அதைச் சொல்லும்.

கேள்வி கேட்ட வாசகர் வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்ற மென்பொருள் இலவசம். குரலின் உயரத்தைக் கோடாக வரையும். வாத்தியம் அதிகமில்லாத இரண்டு பதிவுகளாக எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கோடு குழம்பும். அளவை ஹெர்ட்ஸில் வைக்காமல் அரைஸ்வர அளவில் வைத்தால், ஒரு கட்டைக் குரலும் ஐந்து கட்டைக் குரலும் ஏழு அரைஸ்வர இடைவெளியில் இணையாக ஓடும். முதல் 'கண்ணம்மா'வில் இரண்டு கோடுகளும் எங்கே இணை விலகுகின்றன என்று பெரிதாக்கிப் பாருங்கள். அசைவு எத்தனை முறை, எவ்வளவு அகலம், எங்கே நிற்கிறது என்பதெல்லாம் ஒவ்வொரு குரலிலும் வேறாக இருக்கும்.