மகப்பேறு விடுப்பு: ராஜினாமாவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

கர்ப்பமாக இருப்பதை வேலையிடத்தில் சொன்ன பிறகு, "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, குழந்தை பொறந்து கொஞ்ச நாள் கழிச்சு வா, திரும்பச் சேத்துக்கறோம்" என்று யாராவது ஒரு தாளை நீட்டினால், தயவுசெய்து எழுதிக் கொடுக்காதீர்கள். நீட்டுகிறவர் உங்களிடம் பிரியமாக இருப்பவராகவே இருக்கலாம். ஆனால் கையெழுத்து விழுந்ததும் மகப்பேறு விடுப்புக்கான 26 வாரச் சம்பளம் கையைவிட்டுப் போகிறது. கிராஜுவிட்டி எனும் பணிக்கொடைக்கு எண்ணப்படும் வருடங்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. திரும்பிப் போகும்போது நீங்கள் புது ஆள், சம்பளமும் புது ஆளுக்கானது. அதுவும் சேர்த்துக்கொண்டால்தான். துணிக்கடை, தனியார் பள்ளி, மருத்துவமனை, பின்னலாடை நிறுவனம், கணினி நிறுவனம் என எல்லா இடத்திலும் இந்தத் தாள் நீட்டப்படுகிறது. மனு எழுத உதவி கேட்டு வரும் பெண்களிடம் நான் முதலில் கேட்பதே, "எதிலாவது கையெழுத்துப் போட்டீங்களாம்மா?" என்பதுதான். ஆமாம் என்ற பதிலைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகப்பேறு பலன் சட்டம் 1961-இல் வந்தது. 2017-இல் 12 வார விடுப்பு 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் ஓர் அத்தியாயமாகிவிட்டது. "அந்தச் சட்டமே இப்ப இல்லைம்மா" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அடிப்படை உரிமைகள் அப்படியேதான் இருக்கின்றன. தொழிற்சாலை, தோட்டம், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, நிறுவனம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சம்பளத்தோடு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். மூன்றாவது பிரசவத்துக்கு ஒன்றுமே கிடையாது என்று சொல்வது தவறு. கருச்சிதைவு ஆனால் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. இதைக் கேட்கலாம் என்பதே பல பெண்களுக்குத் தெரிவதில்லை.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 12 மாத விடுப்பு தரும் விதி தனி. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அரசு தரும் உதவி, அதுவும் தனி. இங்கே நான் சொல்வது முதலாளி தர வேண்டிய சம்பளத்தைப் பற்றி.

தகுதி என்ற பெயரில் ஏமாற்றுவது இங்கேதான் ஆரம்பிக்கிறது. "நீ சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலையே", "இன்னும் புரொபேஷன்தானே", "நீ பர்மனென்ட் இல்லையே" என்பார்கள். சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அந்த 80 நாளில் சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்களும் சேரும். மருத்துவர் எழுதிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். தினக்கூலியில் இருந்தாலும் இந்தப் பலன் உண்டு என்று டெல்லி மாநகராட்சியின் பெண் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. விடுப்பின் நடுவில் ஒப்பந்தக் காலம் முடிந்துபோனாலும் பலனை முழுசாகத் தர வேண்டும் என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. அது டெல்லியில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு மருத்துவர் தொடுத்த வழக்கு.

80 நாளை நிரூபிப்பதுதான் சிக்கல். வருகைப் பதிவேடு அவர்கள் கையில் இருக்கிறது. பிரச்சினை என்று வந்துவிட்டால் அது உங்கள் கண்ணில் படாது. ஆகவே கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிப் பக்கங்கள், வேலைக்குச் சேர்ந்த கடிதம், அடையாள அட்டையின் படம், ஷிப்ட் பற்றி வந்த வாட்ஸப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வீட்டில் வையுங்கள். அலுவலக மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்தால், வேலையை விட்டு நிறுத்தும் நாளில் முதலில் மூடப்படுவது அந்தக் கணக்குதான். இன்னொன்று, கடைசி மாதங்களில் சம்பளமில்லா விடுப்பு எடுத்ததால் தொகை குறையும் என்று பயமுறுத்துவார்கள். விடுப்பில் போவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் நீங்கள் வேலை செய்த நாட்களின் சராசரிச் சம்பளம்தான் கணக்கு. வராத நாட்கள் அந்தச் சராசரியைக் குறைக்காது.

அடுத்தது ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கி, ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருப்பவர்களுக்குப் பணம் தருவது நிறுவனம் இல்லை, ஈ.எஸ்.ஐ. கழகம். அவர்களுக்கு 80 நாள் கணக்கும் கிடையாது. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாளுக்காவது சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். சந்தாக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தா பலன் தருவது சில மாதம் தள்ளித்தான்: செப்டம்பரில் முடிந்த காலத்தின் பலன் ஜனவரியில்தான் தொடங்கும், மார்ச்சில் முடிந்ததன் பலன் ஜூலையில். புதிதாகச் சேர்ந்த பெண்கள் இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறார்கள். கிளை அலுவலகத்தில் "உங்களுக்குத் தகுதி வரலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், ஏன் என்று விளக்க மாட்டார்கள்.

இதைவிடக் கொடுமையும் நடக்கிறது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்திருப்பார்கள், ஆனால் கழகத்துக்குக் கட்டியிருக்க மாட்டார்கள், அல்லது 26 நாள் வேலையைப் 12 நாள் என்று காட்டியிருப்பார்கள். நிறுவனம் "ஈ.எஸ்.ஐ.ல போய்க் கேளு" என்னும், ஈ.எஸ்.ஐ.யில் "கம்பெனியைக் கேளுங்க" என்பார்கள். நிறைமாத வயிற்றோடு இரண்டு இடத்துக்கும் அலையவிட இவர்களுக்கு எப்படி மனசு வருகிறதோ. இதைத் தவிர்க்க, உங்கள் காப்பீட்டு எண்ணை வைத்து ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் எத்தனை நாளுக்குச் சந்தா ஏறியிருக்கிறது என்று மூன்றாம் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். குறைந்திருந்தால் சம்பளச் சீட்டைச் சேர்த்துக் கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு கண்டுபிடித்தால் சரிசெய்வது பெரும்பாடு.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஈ.எஸ்.ஐ. பலன் வாங்கும் நாட்களில் "வீட்ல இருந்தே கொஞ்சம் பாத்துக் குடு" என்று வேலை வாங்கி, வருகையும் காட்டிவிட்டால் அந்த நாட்களுக்குப் பலன் மறுக்கப்படும். சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும், அந்தச் சந்தாக் காலம் முடியும் வரை நீங்கள் ஈ.எஸ்.ஐ.க்குள்தான் இருப்பீர்கள். வெளியே வந்துவிட்டால் பணம் தர வேண்டியது நிறுவனம். பழைய அட்டையைக் காட்டி உங்களை ஈ.எஸ்.ஐ. பக்கம் தள்ளிவிட அவர்களால் முடியாது.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் செய்ய வேண்டியது, விடுப்புக் கடிதத்தை எழுத்தில் கொடுப்பது. வாயால் சொல்லி, மேலாளர் தலையாட்டியதை நம்பிப் போய்விடாதீர்கள். "இன்ன தேதி முதல் சட்டப்படியான மகப்பேறு விடுப்பில் செல்கிறேன், எதிர்பார்க்கும் பிரசவத் தேதி இது, பலனை இந்த வங்கிக் கணக்கில் செலுத்தவும், அந்த நாட்களில் வேறு எங்கும் வேலை செய்ய மாட்டேன்" என்று நான்கு வரி போதும். மருத்துவச் சான்றை இணையுங்கள். நகலில் கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். போட மறுத்தால் சண்டை வேண்டாம், ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முன்னாடியே கடிதம் தரவில்லை என்றால் பிரசவத்துக்குப் பிறகு தரலாம். அதைக் காரணம் காட்டிப் பலனை மறுக்க முடியாது.

"திரும்ப வேலைக்கு வந்தப்புறம் மொத்தமாத் தர்றோம்" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. சட்டத்தில் அப்படி ஏதும் இல்லை. பிரசவத்துக்கு முந்தைய நாட்களுக்கான தொகையைக் கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்பணமாகத் தர வேண்டும். மீதியைப் பிரசவச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். "வந்து ஒரு வருஷம் இருக்கணும், இல்லாட்டி வாங்கினதைத் திருப்பிக் கட்டணும்" என்று பத்திரம் எழுதி வாங்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. சட்டம் தந்த உரிமையைக் குறைக்கும் ஒப்பந்தம் செல்லாது. பயத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பணத்தைத் திருப்பிக் கட்டிவிடாதீர்கள், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்குவதும், அவருக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றுவதும் சட்டவிரோதம். இதனால்தான் பலர் நேரடியாக நீக்குவதில்லை. திரும்பி வரும் நாளில் உங்கள் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார், அல்லது கைக்குழந்தையோடு போக முடியாத ஊருக்கு மாற்றல் போடுவார்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை உண்டு, 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும். இவற்றைக் கேட்டால் "வேலைல கவனம் இல்லை" என்று குறிப்பு எழுதத் தொடங்குவார்கள். அப்படி எழுதி வரும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் அன்றே மரியாதையாகப் பதில் போடுங்கள். பதில் இல்லாத குறிப்புகள்தான் பின்னால் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

வாசலிலேயே நிறுத்தி "இனி வர வேண்டாம்" என்று வாயால் சொன்னால், வீட்டுக்குப் போய் அழுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று காலை வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, இன்னார் சொன்னார்." தேதிக்கு ஆதாரம் அதுதான். நீக்கப்பட்டதற்கோ பலன் மறுக்கப்பட்டதற்கோ எதிராக முறையிட, அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதிலிருந்து 60 நாள்தான் அவகாசம். "பாத்துக்கலாம், பேசிக்கலாம்" என்று இழுக்கிறவர்களுக்கு இந்த 60 நாள் நன்றாகத் தெரியும்.

புகார் எங்கே? கடை, நிறுவனம் என்றால் மாவட்டத் தொழிலாளர் துறையில் உதவி ஆணையர் (அமலாக்கம்). தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகம். இந்த வித்தியாசத்தை வைத்தே ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பி மாதங்களைத் தின்றுவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு இடத்திலும் கொடுங்கள். "எங்க பிரிவு இல்லை" என்று சொன்னால் அதை மனுவிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மேன்பவர் ஏஜென்சி வழியாகச் சேர்ந்தவர்கள் ஏஜென்சி, வேலை பார்க்கும் நிறுவனம் இரண்டின் பெயரையும் எழுத வேண்டும். மனுவை வாங்கவே மறுத்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். அங்கே ஒப்புகை எண் கிடைக்கும், மனு அதே தொழிலாளர் துறைக்குத்தான் போகும், ஆனால் இந்தத் தடவை எண்ணோடு போகும். முதல்வரின் 1100 எண்ணிலும் பதியலாம்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். வருமானச் சான்று கேட்டால் பெண்களுக்கு அது தேவையில்லை என்று சொல்லுங்கள், சட்டம் அப்படித்தான் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. போகும்போது வேலைக்குச் சேர்ந்த கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மருத்துவச் சான்று, விடுப்புக் கடிதத்தின் ஸ்பீடு போஸ்ட் ரசீது எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம், காட்டினால் போதும்.