ட்ரோல்: வம்பா, வசையா, மிரட்டலா?

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் வார்டு வேட்பாளரின் படத்துக்குக் கீழே வந்து விழும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறோம்: ட்ரோல். சின்னத்தைக் கிண்டலடித்து மீம் போட்டாலும் ட்ரோல், பெண் வேட்பாளரின் முகத்தை வெட்டி ஆபாசப் படத்தில் ஒட்டினாலும் ட்ரோல், ‘உன் வீடு எங்கன்னு தெரியும்’ என்று எழுதினாலும் அதே ட்ரோல்தான்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ஸ்காண்டிநேவிய நாட்டுப்புறக் கதைகளில் மலையிலும் குகையிலும் பதுங்கியிருக்கும் பூதத்துக்கு ட்ரோல் என்று பெயர். அதுதான் மூலம் என்று பலர் நினைக்கிறார்கள், பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் இணையத்துக்கு அது வந்தது பெரும்பாலும் மீன்பிடித் தொழில் வழியாகத்தான். ஓடும் படகின் பின்னால் தூண்டில் கயிற்றை இழுத்துக்கொண்டே போவது ட்ரோலிங் (வலையை இழுக்கும் ட்ராலர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெட் என்ற அந்தக்கால இணைய விவாதக் குழுக்களின் பழைய ஆட்கள், அரைத்த மாவையே அரைக்கிற கேள்வி ஒன்றை வேண்டுமென்றே போட்டுவிட்டு, எந்தப் புதுமுகம் வந்து சிக்குகிறது என்று வேடிக்கை பார்ப்பார்கள். அதில் குறும்புதான் அதிகம்.

இந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் தேடி அலையவே வேண்டாம், வம்பிழுத்தல் இருக்கிறது. அங்கே கயிற்றை இழுக்கிறார்கள், இங்கே வம்பை. தூண்டில் என்ற சொல்லே ‘தூண்டு’ என்ற வினையோடு ஒட்டியதுதானே!

சரி, வேட்பாளருக்கு நடப்பது வம்பிழுத்தலா? சில நேரம் ஆமாம், பல நேரம் இல்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தை, அதாவது பழித்துப் பாடுவதை, இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகத் திட்டினால் அது வசை: ‘செம்பொருள் ஆயின வசையெனப் படுமே’. மறைத்துப் பழித்தால் அது பழிகரப்பு. பெயர் சொல்லாமல், ஒழுக்கத்தை ஜாடையாகக் குத்தும் மீம்களுக்கு இதைவிடக் கச்சிதமான சொல் எனக்குத் தெரியவில்லை. அதை அன்றாடப் பேச்சில் புழங்க வைப்பது கஷ்டம், அது வேறு விஷயம்.

அதனால் என் கணக்கில் பொதுச்சொல் ‘இணைய வசை’. ‘இணையவழித் துன்புறுத்தல்’ அலுவலகக் கடிதத்துக்குச் சரி, வாயில் வராது. ஆனால் மிரட்டலை வசைக்குள்ளும் அடக்கக் கூடாது. பெரிய தலைவருக்குக் காவல் இருக்கும், பதில் எழுத ஆள் இருக்கும். வார்டு வேட்பாளருக்கோ, வாக்காளர் கூப்பிடட்டும் என்று துண்டறிக்கையில் அவரே அச்சடித்த கைபேசி எண்ணுக்குத்தான் திட்டும் வருகிறது, அனுப்புகிறவர் நாலு தெரு தள்ளி இருப்பவராகவும் இருக்கலாம். அப்படி ஒருவர் எழுதும் ‘வீடு தெரியும்’ என்பதை ட்ரோல் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

புகார் கொடுக்கப் போகும்போதும் ‘என்னை ட்ரோல் செய்கிறார்கள்’ என்று எழுதினால் படிப்பவர் அதைக் கேலி என்றே எடுத்துக்கொள்வார். கொலை மிரட்டல், அவதூறு, ஆபாச வசை என்று எது நடந்ததோ அதன் பெயரை எழுதி, பதிவை அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.