படத்தை மட்டும் பார்த்த பிள்ளைக்கு அதுதான் மூலக்கதை

திருகோணமலையில் சிறுவர் நூலகப் பகுதியில் வேலை செய்கிறேன். பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "படத்தைத்தான் பார்த்திட்டானே மிஸ், இனிப் புத்தகம் என்னத்துக்கு?"

மனதுக்குப் பிடித்த மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவலைப் படமாக்கும்போது எவ்வளவு மாற்றலாம் என்று வாசகர்கள் எப்போதும் சண்டை பிடிப்பார்கள். லண்டனில் இருக்கும் பிள்ளைக்கு அது ரசனைச் சண்டை. படம் பிடிக்காவிட்டால் அலுமாரியில் புத்தகம் இருக்கும். மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வரும் பிள்ளையின் நிலைமை வேறு. ஆங்கில மிகுபுனைவு நாவல்களில் தமிழுக்கு வந்தவை கொஞ்சம், வந்தவையும் எல்லா நூலகங்களுக்கும் வந்து சேர்வதில்லை. தமிழ் டப்பிங் படமோ அம்மாவின் கைபேசியிலேயே கிடைக்கிறது. இயக்குநர் எதை மாற்றினாலும் அந்தப் பிள்ளைக்கு அதுவே கதை. அதனால்தான் இந்த விஷயம் எங்களுக்கு இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன்.

தரம் 6 படிக்கும் ஒரு பையன் 'ஜங்கிள் புக்'கின் தமிழ்ப் புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொண்டுவந்தான். "மிஸ், இந்தப் புத்தகம் பிழை. இதில கா நல்ல பாம்பாம்" என்றான். கிப்ளிங் 1894இல் வெளியிட்ட கதையில், குரங்குக் கூட்டம் காட்டில் வளரும் சிறுவன் மோக்லியைத் தூக்கிக்கொண்டு போனதும் பாலு என்ற கரடியும் பகீரா என்ற கருஞ்சிறுத்தையும் உதவி கேட்டுப் போவது கா என்ற மலைப்பாம்பிடம்தான். 1967இல் வந்த டிஸ்னி கார்ட்டூனில் அதே கா மோக்லியை மயக்கி விழுங்கப் பார்க்கிறது. பையன் பார்த்தது அதைத்தான். அவனோடு இருந்து அந்த அத்தியாயத்தை வாசித்தேன். கா வளைந்து வளைந்து ஆட, குரங்குகள் தாமாகவே அதை நோக்கி நடக்கின்றன. பாலுவும் பகீராவும்கூட மயங்கி முன்னே அடியெடுத்து வைக்கிறார்கள். மோக்லி கை வைத்துத்தான் அவர்களை மீட்கிறான். அந்த இடம் வந்ததும் பையன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். நட்பாயிருக்கிற ஒரு பாம்பே இவ்வளவு பயங்கரமாகவும் இருக்கலாம் என்பது படத்தில் அவனுக்குக் கிடைக்கவில்லை.

அதற்காக ஒரு வரியும் மாறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இராவணன் வாளால் பிளந்தது என்று சொல்லப்படும் பாறைப் பிளவான இராவணன் வெட்டு இருக்கிற ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. வால்மீகியில் இராவணன் சீதையின் கூந்தலைப் பிடித்துத் தூக்குகிறான். கம்பர் அவனைத் தொட விடவில்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போக வைத்தார். பெரிய மாற்றம்தான். ஆனாலும் கவர்ந்து போன குற்றம் அப்படியே இருக்கிறது, அதற்கு இராவணன் கொடுத்த விலையும் அப்படியே இருக்கிறது. தன் மக்கள் எதைத் தாங்குவார்கள் என்று தெரிந்து, கதையின் உயிரில் கைவைக்காமல் மாற்றிய மாற்றம் அது. கூத்து பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிதும் இல்லை.

படம் எடுப்பவருக்கு நேரம் ஒரு பெரிய நெருக்கடி. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது சினிமாக்காரர்களின் பொதுக் கணக்கு. ஆயிரம் பக்க நாவலில் வெட்டாமல் எப்படி? டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவல் 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக வந்தபோது டாம் பொம்பாடில் என்ற பாத்திரத்தையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்தப் பகுதி இல்லாமலும், தீய சக்தியுள்ள மோதிரத்தை அழிக்க ஃபுரோடோ அதைச் சுமந்து போகும் பயணம் நடக்கிறது. காயப்பட்ட ஃபுரோடோவைக் குதிரையில் ஏற்றிக் காப்பாற்றும் வேலையை வேறொருவரிடமிருந்து எடுத்து ஆர்வென் என்ற பெண்ணுக்குக் கொடுத்ததும் நல்ல வேலை. நாவலின் பின்னிணைப்பில் கிடந்த அவளுடைய காதல் அதனால் கண்முன்னே வந்தது.

ஃபராமிர் என்ற படைத்தலைவன் விஷயத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. நாவலில் அவன் மோதிரம் இன்னதென்று தெரிந்தும் அதை வேண்டாம் என்று விடுகிறவன். படத்தில் மோதிரத்தைத் தகப்பனுக்குக் கொண்டுபோக வெளிக்கிட்டு, ஃபுரோடோவை வேறு நகரம்வரை இழுத்துக்கொண்டு போய்ப் பிறகுதான் விடுகிறான். எல்லோரையும் வீழ்த்தும் மோதிரத்தை ஒருவன் சட்டென்று மறுத்தால் அதன் பயங்கரம் குறையும் என்பது திரைக்கதை எழுதியவர்களின் நியாயம். சரி, விளங்குகிறது. ஆனால் பதவியும் பலமும் கைக்கெட்டும்போது வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒரு மனிதன் அந்தக் கதைக்கு வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும். தன் நாவலுக்கு வந்த ஒரு திரைக்கதைத் திட்டத்தைப் பார்த்து டோல்கீன் 1958இல் எழுதிய கடிதத்திலும் இந்தக் கவலைதான் இருந்தது: கதையின் மையம் எதுவென்று பிடிபடாதவர்கள்தான் தேவையில்லாததைச் சேர்க்கிறார்கள் என்றார்.

எல்லாவற்றிலும் மோசமான மாற்றம் என்று நான் நினைப்பது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் எர்த்சீ கதைகளுக்கு நடந்தது. 1968இல் வந்த முதல் நாவலில் மந்திரவாதி கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவனுடைய நண்பன் வெட்ச் கறுப்பு. தீவும் தோணியும் காற்றுமான அந்த உலகத்தில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடராக வந்தபோது கெட் வெள்ளை இளைஞனாகிவிட்டான். லெ குவின் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார்.

நூலகத்தில் பிள்ளைகளிடம் ஒரு மந்திரவாதியைக் கீறச் சொன்னால் வெள்ளை முகமும் நீளத் தாடியும்தான் வரும். ஒருமுறை முதல் நாவலில் சில பக்கங்களை ஆங்கிலத்தில் பார்த்து அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். கெட்டின் நிறம் வரும் இடத்தில், உப்புவெளியிலிருந்து வரும் ஒரு பிள்ளை தன் ரோஸ் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மண்ணிறத்தை எடுத்தாள். பிறகு தன் கையைப் பக்கத்தில் வைத்து நிறம் சரியா என்று பார்த்தாள். தொடரை மட்டும் பார்த்திருந்தால் அவளுக்கு அந்த மந்திரவாதி கிடைத்திருக்க மாட்டான்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை முதலில் படத்தைப் பார்த்துவிட்டது என்று கவலைப்பட வேண்டாம். வாசித்தால்தான் படம் என்று நிபந்தனையும் போடாதீர்கள், வாசிப்பு தண்டனையாகிவிடும். படத்தில் வராத ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுத்து வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த அண்ணாவோ அக்காவோ இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "இதை ஏன் படத்தில் மாத்தினவங்கள்?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைக் கதைக்க விடுங்கள். சோதனைக் கேள்வி மாதிரி மடக்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைகள் இதற்குச் சொல்லும் பதில்கள் என்னை எத்தனையோ தடவை யோசிக்க வைத்திருக்கின்றன.

தேடும் புத்தகம் உங்கள் நூலகத்தில் இல்லையென்றால் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் அடுத்த கொள்வனவில் அதைச் சேர்க்கச் சொல்லி நாங்கள் வாதாட முடியும்.