ரெண்டு பேரும் அவுட், கடல் மட்டும் ஷார்ப்

மும்பை சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்ல ஒரு பழைய ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமரா வாங்கினேன், சட்டை பாக்கெட் சைஸ். அன்னிக்கு சாயங்காலமே தங்கச்சியையும் மாப்ளையையும் மரைன் டிரைவ் சுவர்ல உக்கார வச்சு ஆறு படம் எடுத்தாச்சு. கழுவி வந்தா, தூரத்துல மலபார் ஹில் கட்டடமெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, இவங்க ரெண்டு பேரும் மட்டும் மசமசன்னு. கேமரா ரிப்பேர்தான்னு நெனச்சு, மாட்டுங்கால முன்னாடி ஸ்டூடியோ வச்சிருந்த மாமாகிட்ட காட்டினா அவரு சிரிக்கிறாரு. "ஏம்பா, நடுவுல கேப் விட்டு உக்கார வச்சியா?"

ஆமா, விட்டிருந்தேன்.

விஷயம் என்னன்னா, இந்த மாதிரி கேமரா ஃபோகஸ் பண்றப்ப லென்ஸ் வழியா எதையும் பாக்குறதே இல்ல. முன்பக்கம் ரெண்டு குட்டி ஜன்னல் இருக்கும், ஒண்ணுலேருந்து இன்ஃப்ராரெட் வெளிச்சம் (டிவி ரிமோட்ல வருதே அதேதான்) ஒல்லியா நேரா நடுவுல போகும், ஆள் மேல பட்டு திரும்பி வர்றத இன்னொரு ஜன்னல் வாங்கிக்கும். ஆள் பக்கத்துல இருந்தா அது நல்லா சாஞ்சு வரும், தள்ளி இருந்தா கிட்டத்தட்ட நேரா வரும், அந்த சாய்வ வச்சு தூரம் கண்டுபிடிச்சிடும், ஸ்கூல்ல படிச்ச முக்கோணக் கணக்குதான். திரும்பி ஒண்ணுமே வரலன்னா "ரொம்ப தூரம் போல"ன்னு லென்ஸ இன்ஃபினிட்டில நிறுத்திடும். என் பீம் ரெண்டு பேருக்கும் நடுவுல பூந்து அரபிக்கடலுக்குப் போயிடுச்சு!

1977ல வந்த கோனிகா சி35 ஏஎஃப்தான் பெரிய அளவுல விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா. அது பீம் விடாது, ரெண்டு ஜன்னல்ல தெரியிற காட்சிய ஒப்பிட்டுப் பாக்கும், அதனால வெளிச்சம் கம்மின்னா திணறும். 1979ல கேனான் ஏஎஃப்35எம் இன்ஃப்ராரெட்டோட வந்துச்சு. வெளிச்சத்த தானே கொண்டுவர்றதால கும்மிருட்டுலயும் ஃபோகஸ் ஆகும்.

ஆனா இதுக்கும் கண்டம் இருக்கு. ஏசி லோக்கல் ட்ரெயின்ல ஜன்னலுக்கு நேரா வச்சு வெளிய எடுத்தா பீம் கண்ணாடிலயே பட்டுத் திரும்பிடும், வெளிய எல்லாம் கலங்கிடும் (கேமராவ லேசா சாய்ச்சா தப்பிக்கலாம்). கருகருன்னு முடி பீம முழுங்கிடும். நடுவுல நேரா விளக்கு எரிஞ்சா சென்சார் குழம்பிடும்.

இதுல கடுப்பு என்னன்னா நாம கண்ண வச்சுப் பாக்குற வியூஃபைண்டரும் தனி ஜன்னல், அதுல எல்லாமே எப்பவும் ஷார்ப்பாதான் தெரியும், சொதப்பினது கழுவினப்புறம்தான் தெரியும். நல்ல வெயில்னா அப்பர்ச்சர் (லென்ஸ்ல வெளிச்சம் உள்ள போற ஓட்டை) சின்னதாகி சின்னச் சின்ன ஃபோகஸ் தப்பு மறைஞ்சிடும், சாயங்காலம் அது முழுசா தொறந்துக்கும், அப்ப மாட்டிக்குவோம். சின்ன வயசுல வீட்ல இருந்த கோடாக் கேபி10ல இந்த வம்பே இல்ல, ஏன்னா அதுல ஃபோகஸே பண்ணாது, சின்ன அப்பர்ச்சர்ல ஒரே தூரத்துக்கு ஃபிக்ஸ் பண்ணி விட்டுட்டாங்க.

மாமா சொன்ன வழி ரொம்ப சிம்பிள். நடு வட்டத்த ஒருத்தர் மூஞ்சி மேல வச்சு பட்டன பாதி அழுத்தணும், தூரம் லாக் ஆகிடும், விரல எடுக்காம கேமராவத் திருப்பி ரெண்டு பேரையும் ஃப்ரேமுக்குள்ள கொண்டுவந்து மீதியையும் அழுத்தணும். லாக் பண்ணிட்டு முன்ன பின்ன நகரக்கூடாது, அவ்ளோதான்.

அடுத்த ரோல்ல அப்படியே செஞ்சேன். தங்கச்சி, மாப்ள ரெண்டு பேரும் ஷார்ப். மாப்ள மட்டும் கண்ண மூடிட்டாரு.