மகளிர் அணியின் பங்கு எங்கே? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் புதுப் பணமும் பழைய சட்டமும்

2025 ஜூலை 1 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். அதற்குப் பிறகு கல்விச் சட்ட வழக்கறிஞரான என்னிடம் பெற்றோர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "என் மகளும் அதே கல்லூரிக்காகத்தான் ஆடுகிறாள். அவளுக்கு மட்டும் ஏன் எதுவும் வரவில்லை?" கேட்பவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. டென்னிஸ், நீச்சல், ஓட்டம் என்று பிள்ளைகளை விடியுமுன் எழுப்பிப் பயிற்சிக்கு அழைத்துப் போனவர்கள். நான் சொல்லும் பதில் அவர்களுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. உங்கள் மகளுக்குச் சட்டத்தில் வலுவான வாதம் இருக்கிறது; ஆனால் அந்த வாதம் வெல்வதற்குள் பணம் வேறு கைகளுக்குப் போய்விடுகிறது.

அந்தச் சட்டம் டைட்டில் 9. 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டது. அரசின் நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். முக்கிய வாசகம் ஆங்கிலத்தில் மொத்தமே 37 சொற்கள்; அவற்றுள் விளையாட்டு என்ற பேச்சே இல்லை. விளையாட்டு அதற்குள் வந்தது 1975இல் வெளியான விதிகளின் வழியாக. அந்த விதிகளில் இரண்டை நினைவில் வைத்தால் போதும். முதலாவது, விளையாட்டு உதவித்தொகை: ஒரு கல்லூரியின் வீரர்களில் 45 சதவீதம் பெண்கள் என்றால், உதவித்தொகைப் பணத்திலும் ஏறத்தாழ அதே விகிதம் அவர்களுக்குப் போக வேண்டும். வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் கல்லூரி காரணம் காட்டவேண்டும் என்று 1998இல் கல்வித் துறை விளக்கியது. இரண்டாவது, மற்ற வசதிகள்: பயிற்சியாளர், உபகரணம், பயணம், விளம்பரம் ஆகியவற்றில் சமமான நடத்தை.

"ஆனால் கூட்டமும் டிக்கெட் வருமானமும் அமெரிக்கக் கால்பந்தால்தானே வருகிறது?" என்று உடனே கேட்பார்கள். இந்தக் கேள்வி புதிதல்ல. சட்டத்துக்கு இரண்டு வயதாகும்போதே எழுந்தது. 1974இல் டெக்சாஸைச் சேர்ந்த செனட்டர் ஜான் டவர், வருமானம் ஈட்டும் விளையாட்டுகளுக்கு டைட்டில் 9இலிருந்து விலக்கு வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். செனட் அதை ஏற்றது. இரு அவைகளும் கூடி இறுதி வடிவம் கொடுத்தபோது அது நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த ஜேவிட்ஸ் திருத்தம், ஒவ்வொரு விளையாட்டின் தன்மையையும் கருத்தில் கொண்டு நியாயமான விதிகள் வகுக்கலாம் என்று மட்டும் சொன்னது. கால்பந்துக்கு அதிகத் தலைக்கவசங்கள் வேண்டும், பெரிய மைதானம் வேண்டும் என்பது விளையாட்டின் தன்மை. கால்பந்து பணம் ஈட்டுகிறது என்பது அப்படியல்ல. வருமான விலக்கை நாடாளுமன்றமே கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தது என்பதைத் தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் நினைவூட்டுவதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

இனிப் புதுப் பணத்துக்கு வருவோம். அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ், கூடைப்பந்து வீராங்கனை செடோனா பிரின்ஸ் உள்ளிட்டோர் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கில், 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரசத்துக்கு ஒப்புதல் அளித்தார். அதன்படி முன்னாள், இந்நாள் வீரர்களுக்கு, முன்பு கிடைக்காமல் போன வருமானத்துக்காகச் சுமார் 280 கோடி டாலர் நிலுவைத் தொகை, பத்து ஆண்டுகளில். அதற்கு மேல், விரும்பும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2025-26இல் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்குப் பகிரலாம். யாருக்கு எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்துகொள்ளலாம்.

முடிவு எப்படி இருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. நிலுவைத் தொகையைப் பிரித்த கணக்கையே பெரிய பல்கலைக்கழகங்கள் பல வழிகாட்டியாக எடுத்துக்கொண்டன: கால்பந்துக்குச் சுமார் 75 சதவீதம், ஆண்கள் கூடைப்பந்துக்கு 15, பெண்கள் கூடைப்பந்துக்கு 5, மற்ற எல்லோருக்கும் சேர்த்து 5. அந்தக் கடைசி ஐந்தில்தான் உங்கள் வீட்டு நீச்சல்காரியும் டென்னிஸ்காரியும் இருக்கிறார்கள். அவர்களோடு பேஸ்பால் ஆடும் பையன்களும்.

டைட்டில் 9 ஆட்சேபங்கள் நீதிபதியின் முன் வைக்கப்பட்டன. இது வணிகப் போட்டிச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு, பாலினச் சமத்துவத்தை வேண்டுமானால் தனி வழக்கில் எழுப்பலாம் என்று அவர் ஒதுக்கிவிட்டார். சட்டப்படி அதில் தவறு காண்பது கடினம். ஆனால் எட்டு வீராங்கனைகள் சில நாட்களிலேயே மேல்முறையீட்டுக்குப் போனார்கள். பெண்களுக்குச் சேரவேண்டிய சுமார் 110 கோடி டாலர் பறிபோகிறது என்பது அவர்கள் தரப்பு. அதனால் நிலுவைத் தொகை வழங்குவது தள்ளிப்போனது. இனிவரும் ஆண்டுப் பங்கீடு மட்டும் நிற்கவில்லை.

இந்த ஆண்டுப் பணத்தைச் சட்டம் எந்தக் கணக்கில் வைக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உதவித்தொகையைப் போன்றது என்றால் 1975 விதியின் விகிதக் கணக்கு அப்படியே பொருந்தும். 75-15-5-5 நிற்கவே நிற்காது. வீரரின் பெயர், உருவம், அடையாளம் ஆகியவற்றைப் பயன்படுத்த உரிமம் வாங்கிய விலை என்றால், அது சந்தை ஒப்பந்தம் என்று பல்கலைக்கழகம் வாதிடும். சம்பளம் என்று ஆகிவிட்டால் சம ஊதியச் சட்டம் உள்ளே வரும். அது பெண்களுக்குச் சாதகம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணிப் பயிற்சியாளர் மரியான் ஸ்டான்லி ஆண்கள் அணிப் பயிற்சியாளருக்கு நிகரான ஊதியம் கேட்டுத் தொடுத்த வழக்கில், வருமானம் திரட்டும் பொறுப்பு கூடுதலாக இருப்பதால் அந்த வேலையே வேறு என்ற வாதத்தை 1994இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. இன்று நான் பார்க்கும் ஒப்பந்தங்கள் கவனமாக உரிமம் என்றே எழுதப்படுகின்றன. எழுதுபவர்கள் என்னைப் போன்ற வழக்கறிஞர்கள்தான். காரணம் இல்லாமல் எழுதுவதில்லை.

அரசு என்ன சொல்கிறது? 2025 ஜனவரி 16 அன்று, பைடன் ஆட்சி முடிய நான்கு நாட்கள் இருந்தபோது, கல்வித் துறை ஒரு விளக்கம் வெளியிட்டது: பல்கலைக்கழகம் நேரடியாகத் தரும் இந்தப் பணமும் விளையாட்டு நிதியுதவிதான், விகிதக் கணக்கு பொருந்தும். பிப்ரவரி 12 அன்று புதிய ஆட்சி அதைத் திரும்பப் பெற்றது. பல பெற்றோர்கள் இதோடு கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். முடியவில்லை. திரும்பப் பெற்றது துறையின் கருத்தை மட்டும். 1975 விதி அப்படியே இருக்கிறது. டைட்டில் 9இன் கீழ் தனிநபர் நேரடியாக வழக்குத் தொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1979இலேயே சொல்லியிருக்கிறது. துறை வாய் மூடினாலும் நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கிறது.

சந்தை வாதத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2021இல் பெண்கள் கூடைப்பந்துப் போட்டிக்கு சான் அன்டோனியோவில் என்.சி.ஏ.ஏ. கொடுத்த எடைப் பயிற்சி வசதி ஒரே ஒரு சிறு டம்பெல் அடுக்கு. ஆண்களுக்கு ஒரு கூடம் நிறையக் கருவிகள். அதைப் படம் பிடித்து வெளியிட்டவர் மேலே சொன்ன அதே செடோனா பிரின்ஸ். பின்னர் என்.சி.ஏ.ஏ.வே நியமித்த வெளி ஆய்வு, பெண்கள் போட்டியின் ஒளிபரப்பு உரிமை 2025இல் ஆண்டுக்கு 8.1 கோடி முதல் 11.2 கோடி டாலர் வரை பெறும் என்று மதிப்பிட்டது. அதுவரை அதை மற்ற பல போட்டிகளோடு ஒரே மூட்டையாகக் கட்டி விற்றுவந்தார்கள். இந்தக் கூடைப்பந்துத் தொடருக்கு உரிய மார்ச் மேட்னெஸ் என்ற புகழ்பெற்ற பெயரைக்கூட 2022 வரை பெண்களுக்குத் தரவில்லை. 2024 இறுதிப் போட்டியில் பெண்கள் ஆட்டத்தை ஏறத்தாழ 1.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆண்கள் ஆட்டத்தை 1.5 கோடிக்கும் சற்றுக் குறைவானவர்கள். விற்காமல் வைத்திருந்துவிட்டு, விலை போகவில்லை என்று சொல்வது எந்தச் சந்தை நியாயம் என்று எனக்குப் புரிவதில்லை.

வெளி நிறுவனங்கள் தரும் விளம்பரப் பணம் வேறு கதை. ஒரு காலணி நிறுவனம் தானாக முடிவு செய்து ஆண் வீரரை மட்டும் ஒப்பந்தம் செய்தால் டைட்டில் 9 அதைத் தொடாது. ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆட்களே அந்த ஒப்பந்தங்களைத் தேடித் தருகிறார்களா, யாருக்குத் தேடித் தருகிறார்கள் என்பது சட்டத்துக்குள் வரும். 2023 டிசம்பரில் ஓரிகான் பல்கலைக்கழகத்தின் கடற்கரை வாலிபால், துடுப்புப் படகு வீராங்கனைகள் 32 பேர் தொடுத்த வழக்கின் ஒரு பகுதி இதுவே.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வருகிறது. கால்பந்துக்குப் பணம் தேடும் கல்லூரிகள் சிறு அணிகளைக் கலைக்கின்றன. டெக்சாஸில் ஸ்டீபன் எஃப். ஆஸ்டின் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2025இல் பெண்களின் கடற்கரை வாலிபால், பவுலிங், கோல்ஃப் அணிகளைக் கலைப்பதாக அறிவித்தது. வீராங்கனைகள் வழக்குப் போட்டு, அந்த ஆண்டே தற்காலிகத் தடை வாங்கினார்கள். ஆண்கள் கோல்ஃப் அணியும் அதோடு கலைக்கப்பட்டது; அந்தப் பையன்களுக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. நம் வீட்டுப் பையன்கள் பெரும்பாலும் இருப்பது இந்தச் சிறு அணிகளில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் கல்வித் துறை இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் விளையாட்டுக் கணக்கைப் பாருங்கள். வீரர் எண்ணிக்கை, செலவு, உதவித்தொகை எல்லாம் ஆண், பெண் வாரியாக இருக்கும். எண்ணிக்கையை அப்படியே நம்பவேண்டாம்: பெண்கள் அணியோடு பயிற்சி ஆட வரும் ஆண்களும் அந்தப் படிவத்தில் பெண்கள் அணியின் கணக்கில் சேர்வதுண்டு. ஒப்பந்தம் கொடுத்தால், பணம் தருவது பல்கலைக்கழகமா வெளி அமைப்பா, காயம் பட்டால் நிற்குமா, அணி மாறினால் திருப்பித் தரவேண்டுமா என்று பாருங்கள். எஃப்-1 விசாவில் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்த மாணவர்கள் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திடவே வேண்டாம். அனுமதியற்ற வேலை என்று கருதப்பட்டால் விசாவுக்கே ஆபத்து.

புகார் கொடுக்க நினைத்தால், கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்குப் பாகுபாடு நடந்த 180 நாட்களுக்குள் எழுதவேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, பாதிக்கப்பட்டவரே எழுதவேண்டும் என்பதும் இல்லை. மகளின் இடம் பறிபோகுமோ என்ற பயத்தில் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அலபாமாவின் பர்மிங்காமில் பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குச் சம வசதி கேட்டதற்காகப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்ட ரோடரிக் ஜாக்சனின் வழக்கில், புகார் செய்தவரைப் பழிவாங்குவதும் டைட்டில் 9 மீறல்தான் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் பயிற்சியாளரிடமும் நிர்வாகத்திடமும் பேசுவதைத் தேதியுடன் மின்னஞ்சலில் பேசுங்கள். புகாருக்குப் பிறகு ஆட்ட நேரம் குறைந்தால் அந்தத் தேதிகள்தான் சாட்சி.