சானிடைசரில் தண்ணீர் எதற்கு?

"ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையில் தேய்த்துக்கொள்ளும் பாட்டிலில் 75 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கிறது. மீதி பெரும்பாலும் தண்ணீராம். காசை மிச்சம் பிடிக்கிறார்களோ?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால்தான் அது சரியாக வேலை செய்யாது.

கிருமியின் உடம்பிலும் பெரும்பாலான வேலையைச் செய்வது புரதம்தான். புரதம் ஒரு நீளச் சங்கிலி. அது தனக்கே உரிய வடிவில் சுருண்டிருந்தால்தான் வேலை நடக்கும். தண்ணீரைப் பிடிக்காத பகுதிகள் சுருளுக்குள் ஒளிந்திருக்கும், பிடித்தவை வெளியே நிற்கும். ஆல்கஹாலுக்கோ இரண்டு பக்கமும் சிநேகம். உள்ளே புகுந்து, ஒளிந்திருந்ததை வெளியே இழுத்துவிடும். அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டிதட்டிப்போகும். முட்டையின் வெள்ளைக்கருவில் கொஞ்சம் சானிடைசர் ஊற்றிப் பாருங்கள். அடுப்பே இல்லாமல் வெளுத்துத் திரளும்.

இந்த அவிழ்ப்புக்குப் பக்கத்தில் தண்ணீர் வேண்டும். வெறும் ஆல்கஹாலில் புரதம் அவ்வளவு எளிதில் அவிழாது. போதாததற்கு, வேலை முடியும் முன்பே ஆவியாகிவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் எத்தனால் என்ற ஆல்கஹால் 80 சதவீதம், அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 75 சதவீதம்.

சரி, கலவை சரியாக இருந்தால் மட்டும் போதுமா? அம்மாவைச் சேர்த்திருந்த வார்டில் ஒரு நர்ஸம்மா கட்டைவிரலை மறுகைப் பிடிக்குள் வைத்துத் திருகுவார், நுனிகளை உள்ளங்கையில் சுரண்டுவார், காயும் வரை எதையும் தொடமாட்டார். 20, 30 நொடி ஆகும். மற்ற பலர் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு நகர்ந்தார்கள். சிரிஞ்சைப் பிடிப்பது கட்டைவிரலும் நுனிகளும்தானே! கிளவுஸ் போட்டால் கை சுத்தம் என்பதும் ஒருவகை மூடநம்பிக்கைதான். ஒரே கிளவுஸோடு அடுத்த கட்டிலுக்குப் போனால் கிருமியும் கூடவே போகும்.

ஆல்கஹாலுக்கு அடங்காதவையும் உண்டு. ஆஸ்பத்திரி வயிற்றுப்போக்குக்குப் பேர்போன கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா கெட்டி ஓட்டுக்குள் வித்தாகப் பதுங்கிக்கொள்ளும். சோப்பும் அதைக் கொல்லாது. ஆனால் தோலிலிருந்து அதைக் கிளப்பிவிடும், ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். அதற்கு நல்ல குழாய் வேண்டும். ஸ்கேன் மெஷினுக்கு ரிப்பன் வெட்ட ஆள் வருகிறார்கள், குழாய்க்கு வாஷர் மாற்றத்தான் வருவதில்லை. அந்த வார்டில் முழங்கையால் திறக்கும் குழாயின் பிடி உடைந்து, மிச்சத்தில் துணி சுற்றியிருந்தார்கள். கழுவிய கையாலேயே அந்த ஈரத்துணியைப் பிடித்துத்தான் எல்லோரும் மூடினோம்.