கார்டோடமி: அறுப்பா, துண்டிப்பா?

கேன்சர் வலி மார்ஃபினுக்கும் அடங்காம போறப்ப சில டாக்டருங்க சொல்ற ஒரு சிகிச்சையோட பேரு கார்டோடமி. இதை யாராவது அவசரத்துல "தண்டுவட அறுப்பு"ன்னு தமிழாக்கிச் சொல்லிட்டா போச்சு, முதுகுத்தண்டையே அறுத்துடுவாங்க போல, அப்புறம் கை கால் வராதேன்னு வீடே பதறிடும். ஆனா நடக்கறது அது இல்ல.

மொதல்ல சொல்லைப் பிரிப்போம். கிரேக்கத்துல "கோர்டே"ன்னா குடல், குடல்ல முறுக்கின நரம்பு, அதைக் கட்டின யாழோட தந்தி. அதுதான் லத்தீன் வழியா வந்து கயிறுங்கிற அர்த்தத்துல "கார்ட்" ஆச்சு. நம்ம ஊர் சொல்லும் இதே ரூட்லதான் போயிருக்கு பாருங்க, யாழ்ல கட்டுனதும் நரம்புதான், உடம்புல ஓடுறதும் நரம்புதான், தண்டுவடத்துல இருக்கிற "வடம்" தேர் இழுக்கிற அதே வடம். "டோமி"ன்னா வெட்டு. வெட்ட முடியாததுன்னு பேர் வச்ச "ஆட்டம்", அதாங்க அணு, அதுக்குள்ளயும் இந்த வேர்தான். அதே சமயம் "எக்டமி" வேற, அது வெட்டி வெளியே எடுக்கறது. இந்த ரெண்டையும் குழப்பிக்கிறதுலதான் பாதி பயம் வருது, கார்டோடமில எதையும் வெளியே எடுக்கறதில்ல.

சரி, எதைத்தான் வெட்டறாங்க? வலியையும் சூடு குளிரையும் மூளைக்குக் கொண்டுபோற ஒரு நரம்புக்கட்டு தண்டுவடத்தோட முன்பக்க ஓரமா மேல ஏறுது, அதுல மட்டும்தான் கை வைப்பாங்க. அந்த நரம்பெல்லாம் தண்டுவடத்துக்குள்ள நுழைஞ்ச கொஞ்ச தூரத்துலயே எதிர்ப்பக்கம் தாண்டிடும், அதனால வலது பக்கம் வலின்னா ஊசி போறது இடது பக்கம்! பிலடெல்ஃபியாவுல ஸ்பில்லர், மார்ட்டின்னு ரெண்டு டாக்டருங்க 1912ல இதைப் பத்தி எழுதுனப்ப முதுகைத் திறந்து செஞ்ச பெரிய ஆபரேஷன். 1963ல மல்லன்ங்கிற டாக்டர் தோல் வழியாவே ஊசி விட்டுப் பண்ணினாரு, 1965ல ரோசோமாஃப்ங்கிற டாக்டர் ரேடியோ அலைச் சூட்டால அந்த நரம்பைப் பொசுக்குற முறையைக் கொண்டுவந்தாரு, அப்புறம் துருக்கி டாக்டர் கன்போலட் சிடி ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசியை நகர்த்துற முறையைக் கொண்டுவந்தாரு.

இப்ப பண்றப்ப நோயாளி முழிச்சுக்கிட்டுதான் இருப்பாரு. காதுக்குக் கீழ, கழுத்தோட முதல் ரெண்டு எலும்புக்கு நடுவுல ஊசி போகும், லேசா கரண்ட் விட்டு "எங்க தெரியுது"ன்னு கேப்பாங்க, வலிக்கிற இடத்துலயே சூடாவோ குறுகுறுன்னோ தெரியுதுன்னா சரியான இடம், அதுக்கு பதிலா தசை வெட்டி வெட்டி இழுத்தா ஊசியை மாத்தணும். அப்புறம் சுமார் 80 டிகிரி வரைக்கும் சூடு, ஒரு நிமிஷம் போல. அவ்ளோதான், கத்தியே கிடையாது. வலி போற இடத்துல சூடும் தெரியாம போயிடும், தொட்டா தெரியும் ஆனா சுட்டா தெரியாது, அதனால வெந்நீர் விஷயத்துல கவனமா இருக்கணும்.

எல்லாருக்கும் இது இல்ல. உடம்போட ஒரு பக்கம் மட்டும், தோளுக்குக் கீழ வர்ற வலிக்குத்தான் நல்லா கேக்கும், நுரையீரல் உறையில வர்ற மீசோதீலியோமாங்கிற கேன்சர் மாதிரி. ரெண்டு பக்கமும் பண்ணினா தூக்கத்துல மூச்சே நின்னுபோற ஆபத்து இருக்கு. சிலருக்குக் கால்ல பலம் குறையலாம், மாசங்கள் வருஷங்கள் போனா வலி திரும்பவும் வரலாம், அதான் பெரும்பாலும் கடைசிக் கட்ட கேன்சருக்குன்னு வச்சிருக்காங்க.

இப்ப தமிழுக்கு வருவோம். "தண்டுவட அறுப்பு" வேர்ச்சொல்லுக்கு நேர்மையா இருக்கு, நோயாளிக்கு இல்ல. வடம் அறுந்தா தேர் நின்னுடும்னுதானே நமக்குத் தோணும்? என் ஓட்டு "வலித்தடத் துண்டிப்பு"க்கு. போன் லைனைத் துண்டிச்சாங்கன்னு சொல்றோம்ல, போனும் வீடும் அப்படியேதான் இருக்கும், சேதி மட்டும் போய்ச் சேராது. தோல் வழியா பண்றதைச் சொல்லணும்னா முன்னாடி ஒரு "தோல்வழி" சேத்துக்கலாம்.